தூசு வட்டுகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன? வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த வானியல் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. சூரியனைவிடச் சூடான, வெளிச்சம் கூடிக் குறைகிற விண்மீன்களைச் சுற்றித் தட்டையாகப் பரவியிருக்கும், கோள்கள் உருவாகும் இடமான தூசு வட்டுகள், அவற்றின் வடிவம் மாறுவது எப்படி, அதை நாம் எப்படி அறிகிறோம் என்று. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சூரியனைவிடச் சூடான விண்மீனுக்குப் பக்கத்தில் தூசு எப்படி ஆவியாகாமல் இருக்கிறது?

பதில்: ரொம்பப் பக்கத்தில் போனால் ஆவியாகத்தான் செய்கிறது. சிலிகேட் துகள்கள் கிட்டத்தட்ட 1500 கெல்வினைத் தொட்டதும் திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிவிடும், பள்ளியில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதேதான். அதனால் விண்மீனை ஒட்டிய பகுதியில் வாயு மட்டும் இருக்கும், தூசு இருக்காது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒரு வானியல் அலகு என்கிறோம். சூரியனைப் போல 20 மடங்கு ஒளிரும் ஒரு விண்மீனுக்கு, தூசு பிழைக்கத் தொடங்கும் எல்லை சுமார் 0.3 வானியல் அலகில் வரும். நம் புதன் கோளின் சுற்றுப்பாதையைவிடச் சற்று உள்ளே.

இங்கே நான் முக்கியமாகப் பேசுவது ஹெர்பிக் விண்மீன்களைப் பற்றி. 1960இல் ஜார்ஜ் ஹெர்பிக் 26 விண்மீன்களைப் பட்டியலிட்டார். எல்லாம் வாயு, தூசு மேகங்களோடு ஒட்டியிருக்கும் ஏ, பி வகை (சூரியனைவிடச் சூடான வகைகள்) விண்மீன்கள், சூரியனைப் போலச் சில மடங்கு நிறை உள்ளவை, இன்னும் முழுதாக உருவாகி முடியாதவை. மேற்பரப்பு வெப்பம் ஏழாயிரத்துச் சொச்சம் கெல்வினில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டிப் போகும், சூரியனுக்கு 5772தான்.

அப்புறம், அந்த உள்விளிம்பு சாதாரண விளிம்பு அல்ல. வட்டின் மற்ற பகுதிகள் விண்மீன் ஒளியைச் சாய்வாகத்தான் வாங்குகின்றன, உள்விளிம்போ நேருக்கு நேர் வாங்குகிறது. அதனால் அதிகம் சூடாகி, மேலும் கீழுமாக உப்பிக்கொள்கிறது. இந்த விண்மீன்கள் 2, 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள அகச்சிவப்பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒளிர்வது நெடுநாள் புதிராக இருந்தது. 2001இல் நாட்டா, டல்லமண்ட், டொமினிக் ஆகியோர் இந்த உப்பிய விளிம்பைக் கொண்டு அதை விளக்கினார்கள். கீழே நான் சொல்லப்போகும் மாற்றங்களில் பலவற்றுக்கு இந்த விளிம்புதான் தொடக்க இடம் என்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோள்கள் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அப்படியிருக்க வட்டு மாதக்கணக்கில் மாறுகிறது என்றால் எப்படி நம்புவது?

பதில்: நல்ல சந்தேகம். இதைத் தீர்க்க, தூரம் கூடக் கூடச் சுற்றிவரும் காலமும் கூடும் என்கிற கெப்ளர் விதி ஒன்றே போதும், கணக்கும் எளிது. சூரியனைப் போல இரண்டு மடங்கு நிறையுள்ள விண்மீனை எடுத்துக்கொள்வோம். 0.3 வானியல் அலகில் இருக்கும் தூசு விண்மீனை ஒருமுறை சுற்றி வர ஆறு வாரம் ஆகும். ஒரு வானியல் அலகில் எட்டரை மாதம். 10 வானியல் அலகில் 22 ஆண்டு. 100 வானியல் அலகுக்குப் போய்விட்டால் 700 ஆண்டு.

அதாவது ஒரே வட்டுக்குள் ஆறு வாரக் கடிகாரமும் 700 ஆண்டுக் கடிகாரமும் சேர்ந்தே ஓடுகின்றன. பெரிய தொலைநோக்கிகள் தரும் அழகான படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வெளிப்பகுதி, அங்கே பொருள் இடம் பெயர்வது நம் ஆயுளில் கண்ணுக்குத் தெரியாது. உள்பகுதியோ படத்தின் நடுவில், விண்மீனின் பிரகாசத்தை மறைக்க வைக்கும் கருந்திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதனால்தான் வட்டு அசையாத பொருள்போலத் தோன்றுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு சோதனையைத்தான் இந்தத் துறையிலேயே மிகப் பயனுள்ளதாக நான் நினைக்கிறேன். வட்டில் எந்த மாற்றத்தைப் பார்த்தாலும், அந்த இடத்தின் சுற்றுக்காலம் என்ன என்று முதலில் கேளுங்கள். 100 வானியல் அலகில் ஒரு கரும்பட்டை சில வாரத்தில் இடம் மாறியிருந்தால், அங்கே இருக்கும் தூசு நகர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. காரணம் உள்ளே எங்கோ இருக்கிறது. மாறாக, ஒரு வடிவம் அந்த இடத்துத் தூசைவிட மிக மெதுவாகச் சுழன்றால், அதைச் சுழற்றும் பொருள் வெளியே தொலைவில் இருக்கிறது. மாற்றத்தின் வேகமே காரணம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: உள்ளே நடப்பது வெளியே எப்படித் தெரியும்?

பதில்: நிழலாக. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி பறந்தால் சுவர் முழுக்கப் பெரிய நிழல் ஓடுமே, அதே கணக்குதான். விளிம்பில் ஓர் இடம் அதிகமாக உப்பினாலோ, ஒரு தூசுத் திரள் மேலெழும்பினாலோ, வெளிவட்டில் அதன் நிழல் நீளமாக விழும். ஒளி 100 வானியல் அலகைக் கடக்கப் பதினான்கு மணி நேரம் போதும், ஆகவே உள்ளே நடந்தது ஒரு நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும்.

இதற்கு மிகப் பழைய உதாரணம் ஆர் மோனோசெரோடிஸ் என்ற ஹெர்பிக் விண்மீன். அதன் மேலே விசிறிபோல விரிந்திருக்கும் என்ஜிசி 2261 நெபுலாவை (வாயு, தூசு மேகத்தை) 1783இலேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டார். அது மாறுகிறது என்று 1916இல் எழுதியவர் எட்வின் ஹபிள், அதனால் இன்றும் அதற்கு ஹபிளின் மாறும் நெபுலா என்றே பெயர். வாரக்கணக்கில் அதன் மேல் இருட்டுப் பட்டைகள் நகர்கின்றன. நெபுலாவோ ஓர் ஒளியாண்டுக்கும் மேல் அகலம். அவ்வளவு தூரத்தை எந்தத் தூசு மேகமும் சில வாரத்தில் கடக்க முடியாது. விண்மீனுக்கு மிக அருகே தூசுத் திரள்கள் நகர, அவற்றின் நிழல்தான் நெபுலாவின் மேல் ஓடுகிறது. வட்டுகளை நேராகப் படமெடுக்கும் வசதி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இயற்கை நமக்கு இந்தத் திரையை விரித்து வைத்திருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு பரவசம் உண்டு.

இப்போது நேரடிப் படங்களிலேயே நிழல் தெரிகிறது. ஹெச்டி 142527 என்ற விண்மீனின் வெளிவட்டில் எதிரெதிராக இரண்டு இருட்டு வெட்டுகள் உண்டு. உள்ளே இன்னொரு சிறு வட்டு சுமார் 70 டிகிரி சாய்ந்து நிற்பதால் விழும் நிழல்கள் அவை என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். ஹெச்டி 135344பி இன்னும் சுவாரசியமானது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் ஸ்பியர் கருவியால் அதைப் பல தேதிகளில் படமெடுத்துப் பார்த்தபோது, சில நிழல்கள் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மாறியிருந்தன. மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள், காரணம் உள்வட்டில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: சரி, உள்விளிம்பு ஏன் நிலையாக இல்லை? எது அதைக் கலைக்கிறது?

பதில்: ஒற்றைக் காரணம் இல்லை, ஒவ்வொரு விண்மீனுக்கும் கலவை வேறுபடும். ஹெச்டி 163296ஐ வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் சுமார் 330 ஒளியாண்டில் இருக்கும் இந்த விண்மீனைப் பல வழிகளில் கவனித்திருக்கிறார்கள். ஆல்மா வானொலித் தொலைநோக்கி இதன் வெளிவட்டில் வளையங்களும் இடைவெளிகளும் இருப்பதை 2016இல் காட்டியது. அந்த வளையங்கள் சாவதானமானவை. உள்ளே நிலைமை வேறு. 2002இல் இதன் அகச்சிவப்பு ஒளி சட்டென்று கூடியது, விளிம்பில் சூடான தூசின் அளவோ உயரமோ அதிகரித்ததற்கான அடையாளம்.

இந்த விண்மீனிலிருந்து இரு துருவ திசைகளிலும் வாயுத் தாரை பீய்ச்சுகிறது, அதில் முடிச்சு முடிச்சாகத் திரள்கள் உண்டு. முடிச்சுகள் சுமார் 16 ஆண்டுக்கு ஒருமுறை கிளம்புகின்றன என்று 2014இல் ஒரு குழு கணக்கிட்டது. விண்மீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மங்குவதையும் அகச்சிவப்பில் கூடுவதையும் அதே குழு சேர்த்துப் பார்த்து, வட்டிலிருந்து கிளம்பும் காற்று தூசையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறது என்று விளக்கம் தந்தது. தூக்கிய தூசு நம் பார்வைக்கோட்டில் வந்தால் விண்மீன் மங்கும், அதே தூசு சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

இன்னொன்று, விஎல்டியின் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்துப் பார்க்கும் மடீஸ் கருவி 2021இல் வெளியான ஆய்வில் இதே விண்மீனின் உள்வட்டு ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருப்பதைக் காட்டியது. முந்தைய அளவீடுகளோடு ஒப்பிட்டால் அந்தப் பிரகாசம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. வாயுச் சுழி ஒன்று நுண்தூசைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விண்மீனைச் சுற்றி வருகிறதோ என்பது அவர்கள் முன்வைத்த யோசனை. எனக்கு இது நியாயமாகப் படுகிறது, ஆனால் இன்னும் நெருக்கமான இடைவெளிகளில் தொடர்ந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

இவை போக, விளிம்பில் காந்தப்புலத்தால் எழும் கொந்தளிப்பு, விண்மீனின் மேல் பொருள் விழும் வேகம் கூடிக் குறைவது, உள்ளே மறைந்திருக்கும் துணை விண்மீனோ பெரிய கோளோ வட்டைச் சாய்ப்பது, இவையும் உண்டு.

கேள்வி: சில விண்மீன்கள் மங்கும்போது நீலமாகின்றன என்று படித்தேன். தூசு மறைத்தால் சிவக்கத்தானே வேண்டும்?

பதில்: முதலில் சிவக்கத்தான் செய்யும், நீங்கள் நினைத்தது சரி. யூஎக்ஸ் ஓரியானிஸ் வகை விண்மீன்களில் நடப்பது இது. வட்டை ஏறக்குறைய விளிம்புப் பக்கமாக நாம் பார்க்கும் நிலையில், ஒரு தூசுத் திரள் விண்மீனுக்குக் குறுக்கே வருகிறது. சில நாளிலிருந்து சில வாரம் வரை விண்மீன் 2, 3 மேக்னிட்யூட் மங்கிவிடும், மேக்னிட்யூட் என்பது விண்மீனின் வெளிச்சத்தைச் சொல்லும் அளவு. இரண்டரை மேக்னிட்யூட் என்றால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். தூசு நீல ஒளியை அதிகம் தடுப்பதால் ஆரம்பத்தில் சிவப்பேறும்.

ஆனால் விண்மீனின் நேரடி ஒளி போதுமான அளவு குறைந்ததும், அதுவரை அதன் பிரகாசத்தில் அமுங்கிக் கிடந்த இன்னொரு ஒளி மேலே வருகிறது. வட்டின் நுண்தூசில் பட்டுச் சிதறி வரும் ஒளி அது. நுண்துகள்கள் நீலத்தை நன்றாகச் சிதறடிக்கும், ஆகவே மிக மங்கிய கட்டத்தில் நிறம் மறுபடி நீலத்தை நோக்கித் திரும்புகிறது. இந்த விளக்கம் சரி என்பதற்குச் சான்று, மங்கும்போது ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மை, கூடுகிறது. சிதறிய ஒளிக்குத்தான் அந்தக் குணம். கிரிமிய வானாய்வகத்தில் விளாடிமிர் கிரினினும் உடன் பணியாற்றியவர்களும் வெளிச்சத்தையும் தளவிளைவையும் ஒரே நேரத்தில் அளந்து இதை நிறுவினார்கள். வட்டைப் படமே எடுக்காமல், ஒரே ஒரு ஒளிப்புள்ளியை அளந்து அந்த வட்டு இருப்பதையும் அதன் தூசு எவ்வளவு நுண்ணியது என்பதையும் சொன்ன வேலை இது.

கேள்வி: காமா காசியோபியா விண்மீனைச் சுற்றியும் வட்டு உண்டே, அதுவும் தூசு வட்டா?

பதில்: இல்லை, அது முழுக்க வாயு. 1866இல் ஆஞ்செலோ செக்கி அதன் நிறமாலையில் பிரகாசமான ஹைட்ரஜன் கோட்டைக் கண்டதிலிருந்து அறியப்படும் வகை அது. அதிவேகமாகச் சுழலும் பி வகை விண்மீன்கள் தம் பொருளையே வெளியே எறிந்து அந்த வட்டைக் கட்டுகின்றன, அது சில ஆண்டுகளில் கரைந்து மறுபடி உருவாகவும் செய்யும். டெல்டா ஸ்கார்ப்பி 2000ஆம் ஆண்டில் திடீரெனப் பிரகாசமானது இப்படித்தான். பி வகையிலேயே தூசோடு இருப்பவை தனிக் குடும்பம், எஃப்எஸ் கேனிஸ் மேஜாரிஸ் அவற்றில் பேர்போனது; அந்தத் தூசு எங்கிருந்து வந்தது என்ற விவாதம் தொடர்கிறது.

கேள்வி: வட்டுகளில் தெரியும் சுருள் கரங்களைக் கோள்தான் உருவாக்குகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

பதில்: எல்லாவற்றுக்கும் முடியாது. வட்டு நிறைமிக்கதாக இருந்தால் தன் ஈர்ப்பாலேயே சுருள்கள் எழும். வேறுபடுத்த மறுபடியும் வேகத்தைத்தான் கேட்க வேண்டும். தன் ஈர்ப்பால் எழுந்த சுருள் அந்தந்த இடத்துத் தூசின் வேகத்தோடு சுற்றும், கோள் எழுப்பிய சுருள் முழுதும் கோளின் வேகத்தில் விறைப்பாகச் சுற்றும்.

எம்டபிள்யூசி 758 விண்மீனில் இதை அளந்தே பார்த்தார்கள். சுமார் ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, சுருள்கள் ஆண்டுக்குச் சுமார் 0.22 டிகிரிதான் சுழல்கின்றன என்று 2020இல் வெளியிட்டார்கள். சுருள்கள் இருக்கும் 50 வானியல் அலகுப் பகுதியில் தூசு ஆண்டுக்கு ஒரு டிகிரிக்கும் மேல் போகும். ஆகவே வெளியே, 170 வானியல் அலகு அளவில், ஒரு கோள் இழுக்கிறது என்பது அவர்கள் முடிவு. 2023இல் எல்பிடி தொலைநோக்கி சுருளுக்கு வெளியே சுமார் 100 வானியல் அலகில் மிகச் சிவப்பான ஒரு பொருளைக் கண்டது. இரண்டு தூரங்களும் அப்படியே பொருந்தவில்லை, ஆனால் கோள் வெளியேதான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஏபி ஆரிகே விண்மீனின் வட்டிலும் சுருள் உண்டு, 2022இல் அங்கே உருவாகிவரும் கோள் ஒன்றை அறிவித்தார்கள். அந்தப் புள்ளி கோளா, வட்டில் சிதறும் ஒளியா என்று எதிர்வாதமும் வந்திருக்கிறது. அதை இன்னும் உறுதியான கோள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கோள்கள் உருவாகி முடிந்த பழைய வட்டுகள் மாறுமா?

பதில்: மாறும், அதுவும் மோதல்களால். பீட்டா பிக்டோரிஸ் 63 ஒளியாண்டில் இருக்கும் ஏ வகை விண்மீன், வயது இரண்டு கோடி ஆண்டு சொச்சம், தானே மெல்லத் துடித்து ஒளி மாறுவதும்கூட. 1984இல் முதன்முதலாக ஒரு வட்டைப் படமெடுத்தது இதைச் சுற்றித்தான். 2004, 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அங்கே சூடான சிலிகேட் நுண்தூசு இருப்பதைப் பதிவு செய்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி திரும்பப் பார்த்தபோது அந்தத் தூசின் அடையாளம் மறைந்திருந்தது. இதை 2024இல் அறிவித்த கிறிஸ்டீன் சென் குழுவின் விளக்கம், ஸ்பிட்சர் பார்ப்பதற்குச் சற்று முன்பு பெரிய சிறுகோள்கள் மோதித் தூளாகின, அந்தத் தூளை விண்மீனின் ஒளி அழுத்தம் வெளியே தள்ளிவிட்டது என்பது. சூடான விண்மீன்களில் ஒளி அழுத்தம் அவ்வளவு வலுவானது, மைக்ரான் அளவுத் துகள்கள் அங்கே நெடுநாள் தங்க முடியாது. ஆகவே நுண்தூசு தெரிகிறது என்றாலே அது சமீபத்தில் உண்டானது.

25 ஒளியாண்டில் உள்ள ஃபோமல்ஹாட் விண்மீனும் இதையே சொல்கிறது. 2008இல் கோள் என்று அறிவிக்கப்பட்ட ஒரு புள்ளி மெல்ல விரிந்து, 2014 வாக்கில் மறைந்தே போனது. அது மோதலில் எழுந்த தூசு மேகம் என்று 2020இல் விளக்கினார்கள். 2023இல் ஹபிள் எடுத்த படத்தில் அதே வட்டில் இன்னொரு புதிய புள்ளி.

கேள்வி: சிறிய தொலைநோக்கி மட்டும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: கண்டிப்பாக. பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரம் கிடைப்பது ஆண்டில் ஓரிரு இரவுகள், இடைப்பட்ட நாட்களில் விண்மீன் என்ன செய்தது என்பதை நிரப்புவது ஆர்வலர்களின் அளவீடுகளே. எப்சிலான் ஆரிகேயை எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்கண்ணால் பார்க்கலாம், கபெல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 27 ஆண்டுக்கு ஒருமுறை இருண்ட தூசு வட்டு ஒன்று அதன் குறுக்கே வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு பாதி வெளிச்சத்தை மறைக்கிறது. அந்த வட்டின் நடுவே பி வகை விண்மீன் ஒன்று ஒளிந்திருப்பதாகக் கருதப்படுகிறது. 1821இலேயே யோஹான் ஃபிரிட்ஷ் அது மங்கியதைக் கவனித்தார். 2009 முதல் 2011 வரை நடந்த கிரகணத்தில் சாரா தொலைநோக்கிக் கூட்டமைப்பு அந்த வட்டு விண்மீனின் முகத்தை மறைப்பதையே படமெடுத்தது, உலகெங்கும் ஆர்வலர்கள் வெளிச்சத்தை அளந்து அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அடுத்தது 2036இல் தொடங்கும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். யூஎக்ஸ் ஓரியானிஸ் வகை விண்மீன்களில் பல, சிறிய தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் எட்டும் வெளிச்சத்தில் இருக்கின்றன, எந்த நாளில் மங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் தினமும் பார்ப்பவரிடமே அது அகப்படும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மங்கும் நாட்களில் நீலம், சிவப்பு என இரண்டு வடிகட்டிகளிலும் எடுங்கள், ஒன்றில் மட்டும் எடுத்தால் அந்த நீலத் திரும்பல் உங்கள் அளவீட்டில் பதியாமல் போய்விடும்.